ஜிலேபியில் எத்தனை சாவு?

மாப்பிள்ளைகளின் முகத்தில் டேப் ஒட்டிவிட்டு, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். டேப்பைக் கிழித்துக் கொடுத்ததே நான்தான்.

அக்காவின் ஊரிலிருந்து மூன்று பேருடைய விவரங்கள் வந்திருந்தன. ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அக்கா அதை அச்செடுத்து என்னிடம் நீட்டினார். "ஏல, போட்டோ, பேரு, சம்பளம். மூணையும் மறைச்சுக் கொண்டா."

மறைத்தேன். சும்மா மறைத்துக் கொடுத்தால் நான் எதற்கு? மூன்றில் ஒன்றை உருவிவிட்டு, போன வாரம் மூக்கு சரியில்லை என்று அவர் தள்ளி வைத்த ஆளின் காகிதத்தைச் சொருகினேன். அக்கா மூன்றையும் பரீட்சைத் தாள் மாதிரி படித்து மார்க் போட்டார். டேப்பைப் பிரித்தால், முதல் மார்க் மூக்குக்காரருக்கு.

திட்டப் போகிறார் என்று கதவுப் பக்கம் நகர்ந்து நின்றேன். அக்காவோ நாற்காலியில் துள்ளினார். "பாத்தியால! என் கண்ணு என்னையே ஏமாத்திருக்கு!"

"அப்ப கட்டிக்கோங்க. நானே வந்து கல்யாணத்துல ஐஸ் பெட்டி பாத்துக்கறேன்."

"அது எப்படி? இப்ப எனக்குப் பிடிச்சிருக்குல்லா. பிடிச்சிருக்கு, அதனால நம்ப மாட்டேன்."

இதுதான் அக்கா. காலையில் எழுந்ததிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவர் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல செய்தி சொன்னால் முகம் சுருங்கும். கெட்ட செய்தி சொன்னால் நிம்மதியாக டீ குடிப்பார். காபிப்பொடி வாங்க, தில்லியில் எங்கள் வீடு இருக்கும் கரோல் பாக் வந்தால்கூட மூன்று கடைப் பொடியைப் பேர் எழுதாத பொட்டலத்தில் போட்டு, என் அம்மாவிடம் கொடுத்துக் கலக்கச் சொல்லிக் குடித்துப் பார்ப்பார். அம்மா அவரை "அந்த டேப் பொண்ணு" என்றுதான் சொல்வாள்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பூசா ரோட்டுப் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை போனேன். அதற்குமேல் பள்ளிக்கூடம் தாங்கவில்லை. அப்பா சர்க்கார் ஆபீஸில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர். "என் பிள்ளை கம்ப்ரஸர் தூக்கறான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அக்காவை முதலில் பார்த்தது ஒரு மே மாதம். தில்லி வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் நாட்கள். ஒரு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து போன். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீஸர் பீப் பீப் என்று கத்துகிறதாம். போனால், லோதி ரோட்டிலிருந்து பஸ் ஏறி வேகவேகமாக வந்த முகத்தோடு, முப்பது வயதுக்குப் பக்கத்தில், எண்ணெய் வைத்த தலையும் வெள்ளைக் கோட்டுமாக ஒருத்தர் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிப்பிடித்தால் குளிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல.

"மேடம்ஜி, உள்ள என்ன, குல்ஃபியா?" என்று இந்தியில் கேட்டேன்.

"எலிக் கிட்னி." சொல்லிவிட்டு, "சவத்துப் பெட்டி" என்று தமிழில் அதை ஒரு தட்டு தட்டினார்.

"தமிழா? அட, திட்டறது நல்லாப் புரியுது. நானும் தமிழ்தான்."

பின்பக்கம் கழற்றினால், தில்லித் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. கதவு ரப்பர் பிய்ந்திருந்தது. சுத்தம் செய்து, ரப்பர் மாற்றி, ஓடவிட்டு, பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் போர்டில் மைனஸ் எண்பது வந்தது. "ஆயிடுச்சு மேடம்" என்று பையைத் தூக்கினேன்.

"எப்படித் தெரியும்?"

"போர்டுல காட்டுதே."

"அது எண்பது காட்டணும்னு நீயும் ஆசைப்படுத, நானும் ஆசைப்படுதேன். நீ வீட்டுக்குப் போவணும், எனக்கு எலி பொழைக்கணும். வேற தெர்மாமீட்டர் வச்சிருக்கியா?"

மனசுக்குள் திட்டிக்கொண்டே என்னுடையதை உள்ளே வைத்தேன். மைனஸ் அறுபத்தெட்டு. போர்டு பொய் சொல்லியிருந்தது. அன்றைக்கு நான் வீடு போய்ச் சேரும்போது அம்மா சாப்பாட்டை இரண்டாம் தடவை சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சென்ஸர் மாற்றப் போனபோதுதான் மேஜைமேல் அந்தப் படத்தைப் பார்த்தேன். எலிக் கிட்னியின் குறுக்குவெட்டுப் படம். கிட்னி மாதிரியே இல்லை. சோப்பு நுரையை அள்ளி வைத்த மாதிரி, உள்ளே முழுக்க நீர்ப்பைகள்.

இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். என் அம்மாவின் ஸ்கேனில்.

அம்மாவுக்கு இது அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது. வயிறு இரண்டு பக்கமும் உருண்டு நிற்கும். கிட்னி ஒவ்வொன்றும் சுரைக்காய் அளவு. இன்னும் ஒரு வருஷத்தில் டயாலிசிஸ் மெஷினில் போடவேண்டி வரும், அதற்குள் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரே பிள்ளை நான். ஆனால் அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் இருந்தால் கொடுக்க முடியாது. இல்லையென்றால் கொடுக்கலாம். ஒரு ஸ்கேன் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். நான் எடுக்கவில்லை. டாக்டர் கேட்டால் ஜோக் சொல்வேன். அம்மா கேட்டால் அவளுடைய ரசத்தைக் கிண்டல் பண்ணுவேன்.

அக்காவிடமும் சொல்லவில்லை. "இது என்ன, எலிக்குள்ள கோல்கப்பா கடையா?" என்று மட்டும் கேட்டேன். கோல்கப்பா என்றால் நம்மூர் பானிபூரி.

அக்காவுக்குக் கிண்டலெல்லாம் காதில் ஏறாது. கேள்வி மட்டும்தான் ஏறும். உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"செல்லுக்கும் சாவு உண்டு, தெரியுமா? அடிபட்டுச் சாவது வேற. இது தானா முடிவெடுத்துச் சாவது. சத்தமில்லாம தன்னைத் தானே துண்டு துண்டா மடிச்சு வச்சிட்டுப் போயிரும். பக்கத்துல உள்ள செல்லு அதை எடுத்துத் தின்னுரும். இடம் சுத்தம்."

"கல்யாண வீட்டுல சாப்ட்டு இலையை மடிச்சுட்டு எழுந்திரிக்கற மாதிரி."

அக்கா முதல் முறையாக என்னை மெக்கானிக் இல்லாத ஒரு ஆளாகப் பார்த்தார். "அதேதான். அடுத்த பந்திக்கு இடம் விடணும்லா."

"அப்ப இந்த வியாதில, சாப்ட்டு முடிச்சவன் எழுந்திரிக்காம குந்திக்கினு இருக்கானா? அதான் வீங்குதா?"

"பாதிதான் சரி. செல்லு பெருகுது, பை வீங்குது, அது உண்மை. ஆனா எண்ணிப் பாத்தா சாவும் கூடுதலா இருக்கு. பையோட சுவத்துலயும் சாவுது. பக்கத்துல ஒரு தப்பும் பண்ணாத நல்ல குழாய் இருக்கு பாரு, அதுலயும் சாவுது. ஒரு பக்கம் பந்தி மேல பந்தி போடுதான். இன்னொரு பக்கம் சாம்பார் ஊத்தும் முன்னயே நல்லவன் இலையை மடிச்சுட்டுப் போறான். கடைசில மண்டபம் பூரா வெறும் பை. வேலை செய்ய ஆளில்ல."

"யாரு அவனை எழுந்திரிக்கச் சொன்னது?"

"அதத்தான்ல நானும் கேக்கேன். செல்லுக்குள்ள ஒரு கத்தரிக்கோல் இருக்குன்னு வச்சுக்கோ. அது வெட்ட ஆரம்பிச்சா செல்லு சாவும். மருந்து கொடுத்து அந்தக் கத்தரிய பிடிச்சு வச்சா என்ன ஆவும்? நல்ல குழாய் பொழைக்கலாம், பையும் மெதுவா வளரலாம். இல்ல, சாவ வேண்டியதும் சாவாம இன்னும் வீங்கலாம். ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. அதான் எண்ணணும்."

எண்ணுவது என்றால் எப்படி? பிறவியிலேயே இந்த வியாதி வந்த எலிகள். பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். கிட்னியை மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் போடுவார்கள். உயிரோடு இருக்கும் செல்லின் நடுப்பகுதி நீலமாகத் தெரியும். சாகிறது காபிப்பொடி நிறம். அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்து, இடது கையில் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு கருவியை டிக் டிக் என்று அமுக்கி எண்ணுவார். ஒவ்வொரு சில்லும் இரண்டு தடவை, வேறு வேறு நாளில்.

அவருடைய பெரிய சார், கூடத்துக்கே தலைவர், ஒருநாள் பின்னால் வந்து நின்றார். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? கண்ணால பாத்தாலே எது மருந்து குடுத்த எலின்னு சொல்லிடலாமே" என்று இந்தியில் சொன்னார். அக்கா தலையைத் தூக்கவில்லை. "கண்ணு ஆசைப்படும் சார்." டிக் டிக்.

அதனால்தான் சில்லுகள்மேல் டேப் ஒட்ட ஆள் தேடினார். ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் ஒரு நம்பரும், சிவப்போ நீலமோ ஒரு புள்ளியும் இருக்கும். எது எந்த எலி என்று அக்காவுக்குத் தெரியாமல் மறைத்து, வேறு பேர் வைக்கவேண்டும். கூடத்துப் பிள்ளைகள் யாரும் சரிப்படவில்லை. அவர்களுக்கு மருந்து ஜெயிக்கவேண்டும் என்று ஆசை இருந்தது.

"நீ பண்ணு. இதுல எது ஜெயிச்சாலும் உனக்கு ஒண்ணுமில்ல. நீதான் சரியான ஆளு."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். "அச்சா, டன்" என்றுவிட்டேன்.

இருபத்து நாலு சில்லு. அ, ஆ என்றோ ஒன்று, இரண்டு என்றோ பேர் வைப்பது நம் பழக்கமா? ஜிலேபி, சமோசா, கச்சோரி, குல்ஃபி, ராஜ்மா, ரேவடி என்று கரோல் பாக் கடைத்தெருவையே ஒட்டிவிட்டேன். எந்தப் பேருக்கு எந்த நம்பர், என்ன நிறம் என்று என் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். அதன்பிறகு அந்தக் கூடத்தில் கேட்ட பேச்சு இப்படி இருந்தது.

"ஜிலேபில எத்தனை சாவு அக்கா?"

"நாப்பத்தொண்ணு. பேசாத, லஸ்ஸி எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஃப்ரீஸர் சாக்கில் வாரம் இரண்டு தடவை போவேன். அக்கா எழுதி வைத்த தாள் மேஜையிலேயே கிடக்கும். என் நோட்டு என் பையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மட்டும்தான் முடியும். பார்த்தேன்.

சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் மருந்து என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன். நீலப் புள்ளிக்காரர்கள் எல்லோரிடமும் சாவு எக்கச்சக்கம். சமோசா நீலம், சாவு நிறைய. கச்சோரி சிவப்பு, சாவு கம்மி. மருந்து தோற்றுக்கொண்டிருந்தது.

அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். ரப்பர் எடுத்தேன். சமோசாவுக்கு எதிரே இருந்ததைக் கச்சோரிக்கும், கச்சோரிக்கு எதிரே இருந்ததைச் சமோசாவுக்கும் மாற்றி எழுதினேன். அடுத்த ஜோடிக்குக் கை போகும்போது செருப்புச் சத்தம் கேட்டது. நோட்டை மூடிவிட்டு, "அக்கா, இந்தப் பெட்டிக்கு வயசாயிடுச்சு, பென்ஷன் குடுங்க" என்றேன்.

அந்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு மெட்ரோவில் கூட்டிப் போனேன். அம்மாவின் வயிற்றைப் பார்த்து ஒரு காலேஜ் பெண் பதறி எழுந்து, "ஆன்ட்டி, பைட்டியே, உக்காருங்க, இந்த நேரத்துல நிக்கக்கூடாது" என்றது. ஐம்பத்திரண்டு வயது அம்மா ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, அப்படியெல்லாம் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சீட்டு கெடைச்சுதுல்ல? எதுக்குடா மறுக்கணும்? உனக்குத் தம்பி பொறந்தா பேர் நீயே வை, ஜிலேபின்னு." அவளே சிரித்துவிட்டு, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டாள். சிரித்தால் வலிக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "அந்த டேப் பொண்ணு மருந்து தேடறான்னு சொன்னியே. அது நல்லா வேலை செய்யுதாடா?"

"செய்யுதும்மா."

"நீ சொன்னா சரி."

அந்த 'நீ சொன்னா சரி' இருக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு என்னால் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நிற்க முடியவில்லை. நான் ரப்பர் போட்டு அழித்து ஜெயிக்க வைத்த மருந்தை, இவள் தண்ணீர்கூடக் கேட்காமல் முழுங்கிவிடுவாள்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே கூடத்துக்குப் போனேன். அக்கா மைக்ராஸ்கோப்பில் இருந்தார்.

"அக்கா, நான் நோட்டுல மாத்திட்டேன்."

டிக் டிக் நின்றது. திரும்பினார்.

"எதை மாத்தினேன்னா..."

"சொல்லாத!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினார். "ஏல, வாய மூடு! பேரச் சொல்லாத! நெறத்தச் சொல்லாத! எத்தனைன்னும் சொல்லாத!"

"நான் தப்பு பண்ணிட்டேன்னு..."

"பண்ணு! எதுலன்னு மட்டும் சொல்லாத!"

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனைப் பேசவே விடாத ஆளை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. நான் சொன்னால் அவருக்கு எது எந்த எலி என்று தெரிந்துவிடும். அப்புறம் கண் ஆசைப்படும். அந்தக் கோபத்திலும் அதுதான் அவருக்குப் பெரிசாக இருந்தது.

என் நோட்டு, அவருடைய தாள், இரண்டையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஃப்ரீஸரில் வைத்தார். என் பொய் மைனஸ் எண்பதில் உறைந்து கிடந்தது. அதன்பிறகுதான் காதிலிருந்து கையை எடுத்து, "ஏம்ல?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, சுரைக்காய், ஒரு வருஷம், பாதிக்குப் பாதி.

ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அக்காவுக்கு அது வராது. "இது எலிக்கு. மனுஷங்களுக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆவுமோ, வருமான்னே தெரியாது. உங்க அம்மாவுக்கு உதவாது" என்றார். அப்புறம், "நீ ஸ்கேன் எடுத்தியா?"

"என் லேபிள்மேல நானே டேப் ஒட்டி வச்சிருக்கேன் அக்கா. உங்க ஸ்டைல்."

"என் ஸ்டைலுன்னு சொல்லாத." முதல் முறையாக உண்மையான கோபம் தெரிந்தது. "நான் எண்ணுததுக்காக டேப் ஒட்டுதேன். நீ எண்ணாம இருக்கதுக்கு ஒட்டிருக்க. ரெண்டும் ஒண்ணா?"

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பெரிய சாருக்கு விஷயம் போனது. "அரே, ஒரு ஜோடிதான் மாறியிருக்கும், கேட்டுத் திருத்திக்கோ. மாசக் கடைசில கமிட்டி வருது. முடிவு காட்டலைன்னா இந்த வேலையையே மூடிடுவாங்க, நீ ஊருக்குப் போகணும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அக்கா தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, மெழுகில் பதித்து வைத்த கிட்னிகளை எடுத்துப் புதிதாகச் சீவ ஆரம்பித்தார். இருபத்து நாலும் முதலிலிருந்து.

இந்தத் தடவை டேப் ஒட்டியது கேன்டீன் பையா. பையா என்றால் இந்தியில் அண்ணன். பீகார்க்காரர். அவருக்குக் கிட்னி என்றால் தவாவில் வதக்குகிற சமாச்சாரம், அவ்வளவுதான். அவர் பங்குக்கு எல்லாச் சில்லுக்கும் ஊரிலிருக்கும் எருமைகள், அத்தைகள் பேரை வைத்தார். "பெரிய அத்தை இருபத்தொன்பது, கருப்பு எருமை அறுபது" என்று அக்கா பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். எண்ணி எண்ணி இடது கட்டைவிரல் வீங்கியது. வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒருநாள் நான் ஸ்கேன் எடுக்கப் போனேன். ஜெல்லி தடவி, கருவியை விலாவில் வைத்து உருட்டிய டாக்டர் வாயைத் திறந்தபோது, நான் காதைப் பொத்திக்கொண்டேன். "சொல்லாதீங்க டாக்டர் சாப். எழுதி, ஒட்டிக் குடுங்க." மனநலப் பிரிவு பக்கத்துக் கட்டிடம் என்பதுபோல அவர் பார்த்தார்.

உறையோடு கூடத்துக்குப் போனேன். அன்றுதான் எண்ணி முடித்த நாள். மறுநாள் கமிட்டி. கேன்டீன் பையா கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் பட்டியலோடு நின்றார். பெரிய சார் நின்றார். பிள்ளைகள் நின்றார்கள். பிரிப்பதற்கு முன்னால் அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி மடித்து மைக்ராஸ்கோப் அடியில் வைத்தார். எப்போதும் செய்வதுதான். "ஆசையை மொதல்ல காயிதத்துல எறக்கி வச்சிரணும். அப்பதான் அது கண்ணுல வந்து நிக்காது" என்பார். மடிப்பு விலகியிருந்ததால் எட்டிப் பார்த்தேன். 'மருந்து ஜெயிக்கணும்.' நம்பமாட்டேன் நம்பமாட்டேன் என்று ஊரையே அலறவிட்டவர், எங்கள் எல்லோரையும்விடப் பெரிய எழுத்தில் ஆசைப்பட்டிருந்தார்.

கேன்டீன் பையா அத்தைகளையும் எருமைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். நிறத்தைச் சொல்லச் சொல்ல அக்கா இரண்டு வரிசையாக எழுதினார். கடைசி எருமை முடிந்ததும் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார்.

"சிவப்புல சாவு ரொம்பக் குறைவு. பையும் சின்னது. நல்ல குழாய் பொழைச்சிருக்கு."

நான் குறுக்கே புகுந்தேன். "அப்ப மருந்து தோத்துருச்சா அக்கா?"

"ஏன்? சிவப்புதான மருந்து."

"சிவப்பா? நீலம் இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தார். ஃப்ரீஸரைப் பார்த்தார். போய் உறையை எடுத்து வந்து, பனியைத் தட்டி, நோட்டைப் பிரித்தார். ரப்பர் தேய்த்த இடம் பளிச்சென்று தெரிந்தது. சமோசா, கச்சோரி. அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நான் பார்த்தவரைக்கும் அதுதான் முதல் தடவை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏல, மருந்து ஜெயிக்கணும்னு திருட்டுத்தனம் பண்ணி, மருந்தைத் தோக்கடிக்கப் பாத்திருக்கியே! களவாங்கவாவது தெரியுமால உனக்கு?"

நான் கைவைக்காமல் இருந்திருந்தால் முதல் எண்ணிக்கையும் இதையேதான் சொல்லியிருக்கும். ஜிலேபியும் எருமையும் ஒரே பேச்சு பேசியிருந்தன. பெரிய சார் கேன்டீன் பையாவைக் கட்டிக்கொண்டார். பையா, "இவ்வளவு நல்லா வந்தா எங்க கருப்பு எருமைக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அக்கா முகத்தையே பார்த்தோம்.

"பிடிச்சிருக்கு" என்றார்.

"அதனால நம்ப மாட்டேன்!" என்று மொத்தக் கூடமும் கத்தியது.

"இல்ல. ரெண்டு ஆளு பேர் வச்சு, ரெண்டு மட்டம் எண்ணியாச்சு. எலிய இப்ப நம்பலாம்." என் பக்கம் கையை நீட்டினார். "உன் உறை எங்க?"

துண்டுக் காகிதம் ஒன்றைத் தள்ளினார். என் ஆசையை எழுதச் சொன்னார். எனக்கு வரக்கூடாது என்று எழுதப் போனேன். பேனா வேறெதையோ எழுதியது. 'அம்மாவுக்குக் குடுக்கணும்.' மடித்து வைத்துவிட்டு உறையைக் கிழித்தேன். டாக்டர் கையெழுத்தில் இங்கிலீஷ். அக்காவிடம் கொடுத்தேன்.

"ரெண்டு கிட்னியும் சரியான அளவு. ஒரு பைகூட இல்ல."

நான் ஃப்ரீஸரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கட்டிப்பிடிக்க அதுதான் கைக்கெட்டியது.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"அப்ப எம்.ஆர்.ஐ. எடு. உன் வயசுக்கு இந்த ஸ்கேன்ல பொடிப் பையெல்லாம் தப்பிச்சிரும். ரத்தத்துல ஜீனும் பாக்கச் சொல்லு."

"அக்கா, ஒரு நாளாவது சந்தோஷமா இருக்க விடுங்க!"

"இரி. எடுத்துட்டு இரி."

எடுத்தேன். அதிலும் இல்லை. ரத்தத்திலும் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது அவள் என்னை இழுத்து உட்கார வைத்து, "உன்னோடதை நீயே வச்சுக்கோடா, கல்யாணம் ஆகாத பையன்" என்று ஆரம்பித்தாள். "உன் பழைய சுரைக்காயைவிட என்னோடது நல்லா ஓடும், ஒரு வருஷம் வாரண்டி" என்றேன். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு டேபிளிலும் நான் விரும்பித்தான் கொடுக்கிறேனா என்று கேட்டார்கள். ஒவ்வொரு டேபிளிலும் ஆமாம் என்று சொல்ல எனக்கு அலுக்கவே இல்லை.

கமிட்டி அக்காவின் வேலையை மூடவில்லை. இன்னும் பெரிதாகச் செய்யச் சொல்லி வேறு ஊருக்கு அனுப்பியது. போகுமுன் மூக்குக்காரரைத்தான் கட்டிக்கொண்டார், இன்னும் இரண்டு தடவை டேப் ஒட்டிப் பார்த்துவிட்டு. ரயில் ஏறும்போது என்னிடம் வேறொன்றும் சொல்லவில்லை. "அந்தப் பெட்டிக்கு ரெண்டு தெர்மாமீட்டர் வை" என்றார்.

ஆபரேஷன் நடந்தபோது அவர் தில்லியில் இல்லை. மயக்கம் தெளிந்து, விலாவில் கட்டோடு நான் முதலில் கேட்டது, "ஓடுதா?" நர்ஸ், அம்மாவின் கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையைப் போனில் படம் எடுத்துக் காட்டினார். நிரம்பிக்கொண்டிருந்தது. வைத்த உடனேயே ஓட ஆரம்பித்துவிட்டதாம். உலகத்திலேயே அழகான மஞ்சள் நிறம் அது.

அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'கிட்னிக்குப் பேர் ஜிலேபி. அம்மா வச்ச பேர். ரெண்டு டாக்டர், ரெண்டு மெஷின் பார்த்தாச்சு. ஓடுது.'

அவர் படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார்.

'பிடிச்சிருக்கு.'

அடுத்த வரிக்காகப் போனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வரவே இல்லை.